காஸ்துலோவின் பெயர் ஏறிய காப்புகள்

ஹுமில் பூச்சியைச் சட்னி அரைத்துத் தின்னும் திருவிழாத் திங்கட்கிழமைக்கு மறுநாள், எவரிஸ்தோ லாந்தேத்தாவின் கண்ணாடி அலமாரியில் இருந்த நாற்பத்தொரு வெள்ளிக் காப்புகளிலும் பெயர் மாறியிருந்தது. அதுவரை பின்பக்கத்தில் இருந்தது அரிஸ்மெந்தி என்ற பட்டறை முதலாளியின் முத்திரை. செவ்வாய் காலையில் இருந்தது காஸ்துலோ ஒகாம்போ. அன்று தக்காளி விலையும் ஏறியிருந்தது. சந்தையில் இரண்டைப் பற்றியும் பேசினார்கள்.

வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த தாஸ்கோவில் பழைய நகை வாங்குகிறவன் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. கையில் எடுத்ததும் திருப்புவான். முத்திரையைப் படித்த பிறகுதான் அது அழகாக இருக்கிறதா என்று யோசிப்பான். லாந்தேத்தாவும் அப்படித்தான் முப்பது வருடம் சேர்த்தார். பூவும் இலையும் இல்லாமல், வெறும் வளைவும் கனமுமாக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் செய்த காப்புகள். அரிஸ்மெந்தி காகிதத்தில் நாலு கோடு இழுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். தட்டி, வளைத்து, பற்றவைத்து, இருபத்திரண்டு வருடம் புகையைக் குடித்தே செத்தவர் காஸ்துலோ. அவர் பெயர் ஒரு காப்பிலும் இல்லை.

காப்புகள் தலைநகரத்து அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போகின்றன என்று கேள்விப்பட்டதும் காஸ்துலோவின் மனைவி எர்மெலிந்தா லாந்தேத்தாவின் வாசலில் போய் நின்றாள். அது நடந்தது பெயர் மாறுவதற்கு ஒரு வாரம் முன்பு.

“ஒரு சின்னச் சீட்டு எழுதி ஒட்டுங்க, எவரிஸ்தோ ஐயா. செஞ்சது காஸ்துலோன்னு. வேற ஒண்ணும் வேணாம்.”

“சுத்தியல் புடிச்சவன் பேரை எழுதினா, நாளைக்கு அடுப்பு ஊதினவன் பொண்டாட்டியும் வந்து நிப்பா. போம்மா, போ.”

“நாசமாத்தான் போவீரு!” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆகவே பெயர் மாறியதும் லாந்தேத்தா அவள்மேல் புகார் கொடுத்தார். நீதிபதி வந்து பார்த்தார். பூட்டு உடையவில்லை, சாவி லாந்தேத்தாவின் இடுப்பில் இருந்தது. எர்மெலிந்தா எல்லோர் முன்பும் சிரித்தாள். “எனக்கு எழுதவே தெரியாதுங்க ஐயா. இந்த ஆளுக்குக் கொழுப்பு, வேறென்ன?” நீதிபதி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

லாந்தேத்தா அரத்தை எடுத்தார். ராவ ராவ எழுத்து இன்னும் ஆழமாக இறங்கியது. ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த மனிதருக்கு அது மட்டும் முடியவில்லை; கூலிக்காரன் பெயர் தன் அலமாரியில் ஏறுவதை அவர் அத்தனை வெறுத்தார். ஏழு மாதம் ராவினார். கடைசியில் எழுத்துகள் வெள்ளியைத் துளைத்துக்கொண்டு முன்பக்கமே வந்துவிட்டன. அருங்காட்சியகத்துக்காரர்கள் வந்து காப்புகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். முத்திரையை நம்பாமல், செய்தது யார் என்று அவரையே கேட்டார்கள். அரிஸ்மெந்தி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். காஸ்துலோ ஒகாம்போ என்று வந்தது. மூன்று முறை கேட்டார்கள், மூன்று முறையும் அதேதான். அவர்கள் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு அவர் வாயில் வேறு பெயர் நிற்கவில்லை. ரொட்டிக் கடையில் பெயர் கேட்டால் காஸ்துலோ ஒகாம்போ. மகளைக் கூப்பிட்டாலும் அதுவே. ஊர் பழகிக்கொண்டது. நாலு வருடம் பேச்சைக் குறைத்துக் குறைத்து வாழ்ந்து, ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனார். கல்லறையில் மேஸ்திரி ‘எவரிஸ்தோ லாந்தேத்தா’ என்றுதான் வெட்டினார். எட்டாம் நாள் அதில் காஸ்துலோ ஒகாம்போ என்று இருந்தது.

எர்மெலிந்தாவுக்கு ஆள்விட்டுச் சொன்னார்கள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார்கள் போல. அவள் காஸ்துலோவின் பட்டறை அரத்தோடு வந்தாள், முகம் கறுத்து.

“சீ! இவனுக்கா என் புருஷன் பேரு? செத்தும் திருடுறானே!”

ஒரே ஒரு இழுப்பு. பெயர் போய்விட்டது, திரும்ப வரவில்லை. பழைய பெயரும் வரவில்லை. மேஸ்திரி இரண்டு முறை முயன்றார், உளி வழுக்கியது. இன்றும் அந்தக் கல் மொட்டையாக இருக்கிறது. இறந்தவர்கள் தினத்தில் லாந்தேத்தாவின் மகள் சாமந்திப் பூவோடு வந்து, எது தன் அப்பா என்று வெட்டியானிடம் கேட்டு வைத்துவிட்டுப் போகிறாள்.