பழைய கட்டடத்தின் கடைசி செல்

நைரி இப்போது வேலை பார்க்கும் மெல்போர்ன் ஆய்வகத்தில், பக்கத்து அறையில் ஆள் குதித்தாலும் மேசை அசையாது. காற்றின் மேல் மிதக்கிற மேசை. நல்ல வசதிதான், யார் இல்லை என்றது? ஆனால் அங்கே யாரும் யாருக்காகவும் மெதுவாக நடக்க வேண்டியதில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நரம்பியலில் முனைவர் பட்டம் வாங்க மாரடித்த, நியூசிலாந்தின் டனீடன் ஊரில் இருந்த அந்தப் பழைய கட்டடத்துக்காக இன்றைக்கும் ஏங்குகிறாள்.

அது மரத்தரை. ஒருவர் தும்மினால் அடுத்த அறை ஆடும். அங்கே செய்கிற வேலையோ, எலி மூளையை மெல்லிய சீவலாகச் சீவி, உப்புநீரில் உயிரோடு வைத்து, அதில் ஒரே ஒரு நரம்புச் செல்லைக் கண்ணாடி ஊசியால் தொட்டுப் பிடிக்கிற வேலை. தரை அதிர்ந்தால் ஊசி நழுவும், செல் செத்துப்போகும். அதனால் யாருக்காவது செல் மாட்டிவிட்டால் கதவுப்பிடியில் ஒரு சிவப்புக் காலுறையைத் தொங்கவிடுவார்கள். அதைப் பார்த்தால் துறைத்தலைவரே ஆனாலும் காலணியைக் கழற்றியாக வேண்டும்.

நிலநடுக்கம் வந்தால் தாங்காது என்று அந்தக் கட்டடத்தை ஒருநாள் மூடினார்கள். காலையிலேயே கீழே லாரி வந்து நின்றுவிட்டது. நைரியின் ஆய்வேட்டுக்கு இன்னும் ஒரு செல் வேண்டும். அதற்கு மின்துடிப்பால் ஒன்றைக் கற்றுக்கொடுத்து, ஒரு மணி நேரம் ஆகியும் அது மறக்கவில்லை என்று காட்ட வேண்டும். இன்றைக்கு விட்டால், புது இடத்தில் கருவிகளைப் பூட்டி முடிப்பதற்குள் உதவித்தொகை நின்றுபோகும், பட்டம் அந்தரத்தில் தொங்கும். ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கள் கைநழுவிப் போயின. அவள் அழாத குறை. கடைசியில் ஒன்று மாட்டியது. ஒலிபெருக்கியில் கடுகு வெடிக்கிற மாதிரி அதன் துடிப்பு கேட்டது. கதவில் சிவப்புக் காலுறை தொங்கியது, பாடம் தொடங்கியது.

வெளியே, சாமான் ஏற்ற வந்த ஆட்களின் தலைவர் யோசேஃபா முணுமுணுப்பது கதவிடுக்கு வழியே அவள் காதில் விழுந்தது.

"லாரிக்காரன் கத்துவான், ஏவ்ரில். ஒரு எலியோட செல்லுக்காகவா நாங்க இத்தன பேரும் நிக்கணும்?"

ஏவ்ரில், நைரியின் ஆய்வு வழிகாட்டி. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "நிக்க வேணாம். பூட்ஸக் கழட்டிட்டு உக்காருங்க."

"என் சாக்ஸ்ல ஓட்டை."

"என்னோடதுலயுந்தான். யாரு பாக்கப் போறா?"

துறையே தாழ்வாரத்தில் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டது. யாரோ சுடச்சுட சீஸ் ரோல் வாங்கி வந்திருந்தார்கள். அது காகிதம் சரசரக்காமல் கைமாறிக் கைமாறிப் போனது. யோசேஃபா மலை மாதிரி ஆள். அவரே மூச்சைப் பிடித்துக்கொண்டு மென்றார். கதவிடுக்கு வழியே பார்த்த நைரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. திரையில் ஏறிய துடிப்பின் கோடு இறங்கவே இல்லை. செல் மறக்கவில்லை. பட்டம் கைக்கு வந்த மாதிரிதான். இனி ஊசியை எடுத்துவிட வேண்டியதுதான் பாக்கி.

கை போகவில்லை. ஊசியை எடுத்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். பூட்ஸ் மாட்டுவார்கள், மேசைகளைத் தடதடவென்று இழுப்பார்கள். அதோடு எல்லாம் போயிற்று. இந்த மனிதர்கள் இப்படி ஒன்றாக, ஒருத்திக்காகச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது இனி எந்தக் காலத்திலும் நடக்காது.

ஏவ்ரில் வெறுங்காலோடு உள்ளே வந்தார். அந்த மாதிரிக் கோடுகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர் அவர். ஒரு பார்வை போதும், புரிந்துவிட்டது. நேரம் முடிந்தும் நைரி ஊசிப் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு ஏவ்ரில் வெளியே போனார்.

"ஆச்சா?" என்று கேட்டார் யோசேஃபா.

"இன்னும் இல்ல," என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு, அவர் பக்கத்திலேயே மறுபடி தரையில் உட்கார்ந்தார் ஏவ்ரில். "அது பாட்டுக்கு இருக்கற வரைக்கும் இருக்கட்டும்."