முட்டை போடாத கேக்

மச்சினி செய்து கொடுத்த கேக்கைத் தின்ற கால் மணி நேரத்தில் லிஃப்ட் மெக்கானிக்கின் உதடு பன் போல வீங்கியது. உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் பிழைத்தார்.

"கேக்னா முட்டைதானே?" என்று தீர்ப்பையும் அவரே எழுதிக்கொண்டார். அன்றோடு முட்டையை விட்டார். எதற்கு வம்பு என்று பாலையும் கோதுமையையும் விட்டார். மச்சினியோடு பேச்சையும் விட்டார்.

ஆள் துரும்பாக இளைத்து, டூல் பெல்ட் இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியதும், மனைவி அவரை ஒவ்வாமை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா முதலில் கேள்விகளாகக் கேட்டார்.

"கேக்குக்கு முன்னாடி முட்டை சாப்பிட்டதுண்டா?"

"தினம் ரெண்டு ஆம்லெட், டாக்டர்."

"அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

அவர் முன்கையில் வரிசையாகப் பல உணவுகளின் சாற்றைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் லேசாகக் குத்திவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். பாலும் கோதுமையும் வைத்த இடம் சும்மா இருந்தது. முட்டை வைத்த இடத்தில் கொசுக்கடி அளவு தடிப்பு. முந்திரி வைத்த இடத்திலோ கோட்டுப் பட்டன் அளவு!

"பாத்தீங்களா, முட்டை!" என்றார் மெக்கானிக், ஜெயித்தவர் மாதிரி.

"தடிப்பு வந்தா உடம்புக்கு அதை அடையாளம் தெரியுதுன்னுதான் அர்த்தம். சாப்பிட்டா ஆகாதுன்னு இல்ல. நடந்த கதையோட அது பொருந்தணும். முந்திரி சாப்பிடுவீங்களா?"

"எப்பவாவது. நாக்கு அரிக்கும். நான் கண்டுக்கிறதில்ல."

"கேக்ல முந்திரி இருந்துச்சா? செஞ்சவங்களைக் கேளுங்க."

"அவங்களோட பேச்சுவார்த்தை இல்ல, டாக்டர்."

அதற்குள் மனைவி அவர் போனிலிருந்தே தங்கையை அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"யாரு, மாமாவா? நம்பர் மாத்தி அடிச்சிட்டீங்களா?"

"அந்தக் கேக்ல என்னம்மா போட்ட?"

"முட்டையே போடலை மாமா! வீட்டுல தீந்துபோச்சு, தயிர் ஊத்திச் செஞ்சேன். க்ரீம்ல முந்திரி அரைச்சுச் சேத்தேன். இதைச் சொல்லத்தான் எத்தனை தடவ கூப்பிட்டேன், நீங்க எடுத்தாத்தானே?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். மெக்கானிக்கின் காது மடல் சிவந்தது. "தப்பா நினைச்சுட்டேன்மா."

"காதுல விழலை. சத்தமா சொல்லுங்க."

சத்தமாகவே சொன்னார். பக்கத்து அறைக்கும் கேட்டது.

"முட்டை விஷயத்துக்கும் முடிவு கட்டிடுவோம். ஆனா வீட்டுல சோதிச்சுப் பாக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்காரவைத்து, வேகவைத்த முட்டையில் முதலில் ஒரு துணுக்கு கொடுத்தார்கள். காத்திருந்து, பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். நர்ஸ் அடிக்கடி வந்து நாடி பார்த்தார். மத்தியானத்துக்குள் ஒரு முட்டை முழுதாக உள்ளே போனது. ஒன்றும் ஆகவில்லை.

"இன்னொண்ணு கிடைக்குமா?" என்றார் மெக்கானிக்.

முந்திரிக்கும் அதன் பங்காளியான பிஸ்தாவுக்கும் மட்டும் தடை. கூடவே எப்போதும் சட்டைப்பையில், தொடையில் குத்திக்கொள்ளும் பேனா வடிவ அவசர ஊசி. வீட்டார் எல்லோரும் அதைப் போடப் பழக வேண்டும் என்று, ஊசியில்லாத பயிற்சிப் பேனா ஒன்றை நர்ஸ் கொடுத்தனுப்பினார்.

பழக முதலில் வந்து நின்றவள் மச்சினி. மாமாவின் தொடையில் ஓங்கி ஒரு குத்து.

"ஐயோ!"

"சரியா பதியலை மாமா. அசையாம இருங்க, இன்னொரு தடவ."