உலா முடியும்வரை

கலிஸ்தோ ஒத்திகைக் கூடத்துக்குள் வந்தபோது தொப்பியைக் கழற்றவில்லை. அதிலேயே மிக்டாலியாவுக்குத் தெரிந்துவிட்டது, மனுஷன் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று. மத்தான்சாஸ் நகரத்தில் தான்சோன் இசைக்கு ஜோடியாக ஆடுகிறவர்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எண்பதைத் தாண்டியும் வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. ஞாயிறுதோறும் பூங்காவில் நகர வாத்தியக் குழு வாசிக்கும், மிக்டாலியா கோல் பிடித்து நடத்துவாள், கலிஸ்தோவின் ஜோடிகள் ஆடுவார்கள். அவர்கள் ஆட மறுத்த தான்சோனை அந்த ஊரில் யாரும் இரண்டாம் தடவை வாசித்ததில்லை.

"ஏம்மா மிக்டாலியா, நீ எழுதினத ஜன்னலுக்கு வெளிய நின்னு முழுசா கேட்டேன். ஆட்டம் வர்ற எடமெல்லாம் ஜோரா இருக்கு. ஆனா அந்த உலா இருக்கே, அது எங்கம்மா முடியுது? என் வீட்டுக்காரி எமெலினா அதுக்குள்ள ஒரு கோழிய உரிச்சு வேகவெச்சுப் பரிமாறிட்டே வந்துடுவா."

கிளாரினெட் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மிக்டாலியா திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"எமெலினாவுக்குக் கோழி கெடைச்சா எனக்கும் சொல்லி அனுப்புங்க," என்றாள். "ஆனா உலாவுல ஒரு சுரம்கூடக் குறைக்க மாட்டேன்."

"குறைக்கலன்னா ஜனங்க நின்னு ஊர்க்கதை பேசுவாங்க."

"இத்தனை நாளா என்ன, ஜபமா பண்ணிட்டிருந்தாங்க?"

அவர் திரும்பி விறுவிறுவென்று வெளியே நடந்தார். தொப்பி கடைசிவரை தலையிலேயே இருந்தது.

விஷயம் இதுதான். தான்சோன் உலா என்ற முகப்புப் பகுதியில் தொடங்கும். உலா வாசிக்கும்போது யாரும் ஆடக்கூடாது. ஜோடிகள் கைகோத்து நிற்பார்கள், பெண்கள் விசிறிக்கொள்வார்கள், அக்கம்பக்கம் நலம் விசாரிப்பார்கள். உலா முடிந்த கணத்தில் அத்தனை கால்களும் ஒன்றாக எழும். ஆட்டத்துக்கு நடுவே அதே உலா திரும்பத் திரும்ப வரும், அப்போதும் நிற்க வேண்டும். உலாவில் கால் எடுத்து வைத்தவனை ஊரே சிரிக்கும், வெளியூர்க்காரனா என்று கேட்கும். எங்கே முடியும் என்பது கேட்காமலே எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் எல்லா உலாவும் ஒரே அளவு. மிக்டாலியாவின் உலா மட்டும் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் இன்னும் கொஞ்சம் நீண்டது. தன்னிடம் இருந்த நல்லதையெல்லாம் அவள் அதில்தான் போட்டிருந்தாள். ஆடுகிறவனுக்கு மனசு காலில் இருக்கும், நிற்கிறவன் காதுக்குத்தானே எதையாவது சொல்ல முடியும் என்று நினைத்தாள். முப்பது வருஷம் அதே பூங்காவில் நின்றவளுக்கு இப்படி ஒரு நினைப்பு!

ஏனென்றால் அந்த ஊர் உலா நேரத்தில் பேசியதெல்லாம் அவள் முதுகு கேட்டிருக்கிறது. வெங்காயம் எந்தச் சந்தையில் வந்தது, யார் மகன் மயாமிக்குப் போனான், யார் புருஷன் எந்தத் தெருவில் கண்ணில் பட்டான், எல்லாம் அத்துபடி. கோல் பிடிக்கிறவள் திரும்பிப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

ஹவானாவில் படித்துவிட்டு, அங்கே பெரிய சிம்பொனிக் குழுவில் துணை நடத்துனராக இன்னொருவர் கோலை ஏந்திக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, இது ஆவதில்லை என்று ஊருக்குத் திரும்பியவள் அவள். வந்த முதல் நாளே டிராம்போன்காரர் ஒருவர் அவளிடம் காபி கேட்டார். கொண்டுவந்து வைத்தாள். "குடிச்சிட்டு எந்திரிங்க. மூணாவது பக்கத்துல தப்பா வாசிச்சீங்க, அதுலேருந்து ஆரம்பிப்போம்," என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. எழுதவும் எழுதினாள். சர்க்கரை ஆலையின் விழாவுக்கு அணிவகுப்பு இசை எழுதிக் கொடுத்தாள், வாசிக்கும்போது ஆலைச் சங்கு ஊதியது. வானொலித் தொடர் ஒன்றுக்கு முகப்பு இசை எழுதினாள், அதன்மேல் அறிவிப்பாளர் பேசிக்கொண்டே இருந்தார். தன் இசை தனியாக ஒலித்து அவள் கேட்டதே இல்லை. இப்போது வலது தோள் தேய்ந்துவிட்டது. வருஷம் முடிந்ததும் வேறு ஆள் வருகிறான். தான் எழுதியதை அந்தப் பூங்காவில் வாசிக்க அவளுக்கு இருப்பது வருஷத்தின் கடைசி ஞாயிறான இந்த ஒன்றுதான்.

ஒத்திகை முடிந்ததும் முதல் கிளாரினெட் வாசிக்கும் இவான் தயங்கித் தயங்கி வந்தான். குழுவில் எல்லோரும் அவளை மாஎஸ்ட்ரா, அதாவது இசை ஆசிரியை, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மாஎஸ்ட்ரா, கோச்சுக்காதீங்க. நீங்க போயிடுவீங்க. அடுத்த ஞாயிறும் அந்தக் கிழடுங்க மூஞ்சியப் பாத்து வாசிக்கப்போறது நாங்க. எக்குத்தப்பா ஆச்சுன்னா ஒரு வழி வெச்சுக்கலாமே?"

வழி என்னவென்றால், அவள் இடதுகையை மடக்கி முஷ்டி காட்டினால் எல்லோரும் உலாவைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டத்துக்குத் தாவிவிட வேண்டும். சொந்தப் பிள்ளையின் கழுத்தைத் திருகச் சொல்வதுபோல் இருந்தது அவளுக்கு. ஆனாலும் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சரி என்றாள்.

ஞாயிறு மாலை வளைகுடாக் காற்று பலமாக அடித்தது. துணிக் கிளிப் போட்டுத் தாள்களைத் தாங்கிகளோடு இறுக்கியிருந்தார்கள். கலிஸ்தோ வந்திருந்தார், முன் வரிசையில், எமெலினாவின் கையைப் பிடித்தபடி. மிக்டாலியா அவருக்குத் தலையசைத்துவிட்டுத் திரும்பிக் கோலை உயர்த்தினாள்.

முதல் உலா வழக்கமான அளவுதான். முதுகுக்குப் பின்னால் வழக்கமான பேச்சு. "எண்ணெய் வந்திருக்காம்டி, மூலக்கடையில..." பிறகு ஆட்டம். தோல் செருப்புகள் கல்தரையில் ஒன்றாக உரசின. அந்தச் சத்தம் சுத்தமாக இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

இரண்டாம் உலா வந்தது. பேச்சும் வந்தது. எல்லா உலாவும் முடிகிற இடத்தில் இது முடியவில்லை. ஆனால் மற்றவர்கள் கால் எடுக்குமுன்பே, பழக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் உரசியது. ஒரு அடி, இன்னொரு அடி. பிறகு திடுக்கிட்டு நின்றது.

"அய்யய்யோ, கலிஸ்தோ!" கடலை விற்கிறவன் கத்தினான். "எந்த ஊரு தாத்தா நீங்க? பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

பூங்காவே கொல்லென்று சிரித்தது. இவானின் கண்கள் கிளாரினெட்டுக்கு மேலே அவளுடைய இடதுகையையே பார்த்தன. போச்சு, ஆயுசில் ஒருநாள்கூட உலாவில் கால் வைக்காத மனுஷனை ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைத்தாள். முகம் எரிந்தது. விரல்கள் தாமாகவே மடங்கத் தொடங்கின. உலாவின் பாதியைத் தாண்டியாகிவிட்டது, இப்போது வெட்டினால் இனி என்றைக்குமே இது வெட்டுப்பட்டதுதான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சிரிப்புக்கு மேலேயே மிச்சத்தையும் வாசிக்கவைத்து முடித்தாள். ஆட்டம் வந்தது, செருப்புகள் உரசின, முன்னைவிடக் கொஞ்சம் எச்சரிக்கையாக.

மூன்றாம் உலா. இருப்பதிலேயே நீளமானது. டிராம்போன் தனியாக ஏறி, கிளாரினெட் அதைத் தேடிப்போகிற இடம். முதுகு வழக்கம்போலக் காத்திருந்தது. எண்ணெய் இல்லை, மயாமி இல்லை. விசிறிச் சத்தம்கூட இல்லை. போய்விட்டார்கள் என்று நினைத்தாள். ஒருவர் விடாமல் கலைந்து போய்விட்டார்கள்.

அப்போது பின்னாலிருந்து எமெலினாவின் குரல், அடக்கி, சீறலாக வந்தது: "வாயை மூடுடி! எப்ப முடியுதுன்னு கேக்க வேண்டாமா?"

நீண்ட சுரம் ஒன்று வந்தது, அதைப் பிடித்து வைக்க வலதுகை மட்டும் போதும். முப்பது வருஷத்தில் முதல்முறையாக மிக்டாலியா வாசிப்பின் நடுவே தலையைத் திருப்பினாள். எல்லோரும் இருந்தார்கள். விசிறிகள் மூடியிருந்தன. கடலைக்காரன்கூடக் கூடையை இடுப்பில் இடுக்கியபடி வாயைத் திறக்காமல் நின்றான். அடுத்த சிரிப்பு தன்மேல் விழக்கூடாதே என்ற பயத்தில் ஊர் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இதற்கு ஒரு ஆள் கால் தவற வேண்டியிருந்ததா, பாவிகளா?

இவான் இன்னமும் இடதுகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதை விரித்து, உள்ளங்கை அவனுக்குத் தெரியும்படி உயர்த்தினாள். உலா இன்னும் பாதிக்குமேல் இருந்தது. முன்வரிசையில் கலிஸ்தோ வலதுகாலைச் சற்றே முன்னால் நீட்டி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து நின்றார். அவருடைய குதிகால் தரையைத் தொடவில்லை.