உபதேசியாரின் நெற்றி

அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குக் கடைசிப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள் வசந்தகுமாரி. விறைத்துப்போன கழுத்தில் காலர் அடங்க மறுத்தது. வாசலில் காலனிப் பெரியவர் பெருமாள் வந்து நின்றார். கையில் ஒரு பித்தளைத் தட்டு, தட்டில் திருநீறு.

"இன்னா மாமா இது?"

பெருமாள் தலையைத் தூக்கவில்லை. "தாலுக்கா ஆபீஸ்காரரு பதினோரு மணிக்கு வர்றாராம் வசந்தா. வூடு வூடா விசாரிக்கப் போறாராம். தலையாரி சொல்லிட்டுப் போனான்."

விஷயம் அவளுக்கும் தெரியும். காலனியில் இருபத்து மூன்று குடும்பங்களுக்குச் சர்க்கார் தொகுப்பு வீடு வந்திருந்தது. இந்து என்று சான்றிதழ் இருந்தால்தான் வீடு. காகிதத்தில் எல்லோரும் இந்து. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஜெபவீட்டில். எந்தப் புண்ணியவானோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். ஜெபவீட்டை நடத்திவந்த அவள் அப்பா உபதேசியார் ஞானதாஸ் ஞானஸ்நானப் பதிவேட்டை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்துவைத்து, யார் கேட்டாலும் வாயைத் திறக்காமல் இருந்தார். நேற்று விடியும்போது மாரடைப்பில் போய்விட்டார்.

"சிலுவையத் தூக்கிக்கினு, பாட்டு பாடிக்கினு போனா அல்லாரும் மாட்டிக்குவோம்மா. மேளம் சொல்லிட்டோம். மாலை வாங்கியாந்துட்டோம். நெத்தியில மட்டும் கொஞ்சம்... உசுரோட இருந்தா எங்களுக்கோசரம் அவரே ஒத்துக்கினு இருப்பாரு."

ஒத்துக்கொண்டிருப்பாராம்! எட்டு வருஷத்துக்கு முன், ஆசிரியர் பயிற்சி விண்ணப்பத்தை நீட்டி, "இந்துன்னு ஒரு வார்த்தை எழுதுப்பா" என்று அப்பாவின் இதே காலைப் பிடித்துக்கொண்டு அழுதவள் வசந்தா.

"காலனி ஜனங்க இல்லாத கொடுமைக்கு எழுதுதுங்க. முன்னால நிக்கிறவன் எழுதலாமா பாப்பா?" என்றார் அப்பா. கிறிஸ்தவர் என்று முத்து முத்தாக எழுதினார். இடம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் நாற்று நடப் போகிறாள்.

காலரா வந்த வருஷம் தூக்க ஆளில்லாத பிணங்களைத் தோளில் போட்டுக்கொண்டு போன மனுஷன். பிள்ளைவலி கண்டவளைச் சைக்கிளில் உட்காரவைத்து உத்திரமேரூர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போன மனுஷன். யார் வீட்டுச் சாவானாலும் குழிக்குள் முதலில் இறங்கி, தலைமாட்டில் நின்று உடலை வாங்குவார். பெற்ற பெண்ணுக்கு மட்டும் ஒரு வார்த்தை எழுதித் தரவில்லை.

"பூசுங்க" என்றாள்.

பெருமாள் குனிந்தார். கை பாதியில் நின்றுவிட்டது. தட்டைப் பின்னால் நின்ற வரதனிடம் கொடுத்தார். வரதன் ஓங்குதாங்கான ஆள், அவனும் பின்வாங்கினான். "இவரு கைதாங்க என் தலையில தண்ணி ஊத்திச்சி. என்னால ஆவாது." சொக்கம்மாள் தட்டைத் தொடவே மாட்டேன் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூச வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. பூசத்தான் ஒருத்தருக்கும் கை வரவில்லை. ஆள் ஆளாகச் சுற்றிய தட்டு கடைசியில் வசந்தாவிடம் வந்து சேர்ந்தது.

மாகறல் ரோட்டுத் திருப்பத்தில் ஜீப் சத்தம் கேட்டது.

மூன்று விரலால் திருநீற்றை அள்ளி அப்பாவின் நெற்றியில் இழுத்தாள். நெற்றி சில்லென்று இருந்தது. பின்னால் நின்றவர்கள் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அந்த நிம்மதிப் பெருமூச்சை அவளால் தாங்க முடியவில்லை. மேளம் முழங்க ஆரம்பித்தது.

ஆபீஸ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது. மாலையைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார்.

"பெரியவர் பேரு?"

எல்லோருடைய கண்ணும் வசந்தாவின் மேல் இருந்தது.

"செங்கேணி" என்றாள்.

அது தாத்தா வைத்த பெயர். இருபது வயதில் ஞானஸ்நானத்துக்காகச் செய்யாற்றுத் தண்ணீரில் முங்கி எழுந்தபோது அப்பா விட்டுவிட்ட பெயர். ஆபீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவர் அதிகம் விசாரிக்கவில்லை.

வாலாஜாபாத் பாதிரி ஐயருக்குச் சொல்லி அனுப்பவில்லை. சுடுகாட்டு ஓரத்தில் வெட்டிய குழியைச் சுற்றி எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். முதலில் இறங்குகிறவர் பாடையில் கிடந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வரதன் இறங்கினான். தலைமாடு எது, கால்மாடு எது என்று மேலே பார்த்துக் கேட்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வேப்பமரத்துத் தண்டவாள மணியை யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் தலைமுழுகிய ஈரத்தோடு ஒவ்வொருவராக ஜெபவீட்டுக்கு வந்தார்கள். வசந்தாவும் வந்து பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். முன்னால் அப்பாவின் பாய் விரித்துக் கிடந்தது. அதில் யாரும் உட்காரவில்லை.

யாராவது ஆரம்பிக்க வேண்டும்.

வரதன் திரும்பி வசந்தாவைப் பார்த்தான். பெருமாள் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

"நீ ஆரம்பிம்மா" என்றாள் சொக்கம்மாள். "உன்ன உட்டா எங்களுக்கு யாரு கீறாங்க?"

ஜெபத்துக்குக் கை கூப்ப வேண்டும். வசந்தா இரண்டு தடவை குளித்திருந்தாள். வலது கையின் மூன்று விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கி, மடியில் வைத்து, மேலே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.