கடைசி ஆள் வரும்வரை

நஸ்ரி எழுந்தான். காபி பொங்கி அடங்கும்வரை அடுப்பருகே நின்றான். அடுப்பைத் துடைத்தான். சவரம் செய்தான். சைக்கிளுக்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டான். மனைவி ஹியாம் இருந்தபோது இதற்குள் அவளைப் பார்த்து இரண்டு முறையாவது "நேரமாச்சு" என்று கத்தியிருப்பான். இப்போது அவசரப்படுத்த யாருமில்லை. பெய்ரூட்டை விட்டு முன்னதாகவே கிளம்பி மலையேறினான்.

லக்லூக் மலைக்கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் சேர்ந்திருந்தது. ஆப்பிள் அறுவடைக் காலம். தெருவோரமெல்லாம் பெட்டிகள். கூட்டத்தை நடத்தும் மார்செல், எப்போதும் கடைசி ஆளாக ஓட்டிவரும் தூஃபிக்கிடம் ஆரஞ்சு மேலங்கியை நீட்டினாள்.

"போன வருஷம் பூட்டின பட்டன் இந்த வருஷம் பூட்டுமா அண்ணா?"

"பூட்டலன்னா தொறந்து போட்டுக்கறேன். நீ உன் பிரேக்கைப் பாரு தாயி."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மார்செல் குரலைத் தாழ்த்தினாள். "பிரிவு ரோட்டுல யார் நிக்கிறது?"

சிலர் குனிந்து டயரை அழுத்திப் பார்த்தார்கள்.

"நான் நிக்கிறேன்," என்றான் நஸ்ரி.

வழக்கம் இதுதான்: சாலை பிரியும் இடத்தில் ஒருவர் நின்று வழிகாட்டுவார். ஆரஞ்சு மேலங்கி கடந்துபோனால் பின்னால் யாருமில்லை என்று பொருள். அவரும் கிளம்பலாம்.

போன இலையுதிர்காலத்திலும் அங்கே நின்றவன் அவன்தான். குளிர். முன்னால் போனவர்கள் கண்ணுக்கு மறைந்துகொண்டிருந்தார்கள். மேலங்கி வந்தது. "உன் வீட்டுக்காரி தோட்டத்துல ஆப்பிள் வாங்கிட்டு நிக்கிறா, வந்துருவா," என்று சொல்லிக்கொண்டே தூஃபிக் போனான். மேலங்கி போய்விட்டதே, சாலைதான் அவளுக்குத் தெரியுமே என்று நஸ்ரியும் மிதித்துவிட்டான். அவளுக்குச் சாலை தெரியாது. ஆள் நிற்காத பிரிவில் அவள் கீழ்ச்சாலையில் இறங்கினாள். மூன்றாவது வளைவில் ஆப்பிள் ஏற்றிய லாரி வந்தது.

இன்று அவன் அதே இடத்தில் கையை நீட்டி நின்றான். ஒவ்வொருவராகக் கடந்தார்கள். சிலர் தலையசைத்தார்கள், சிலர் சாலையையே பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியாக ஆரஞ்சு நிறம் வந்தது. அவன் கையை இறக்கவில்லை.

தூஃபிக் சைக்கிளை நிறுத்தினான். "பின்னால யாரும் இல்லப்பா. வா போலாம்."

"தெரியும்."

இருவரும் காலி சாலையைப் பார்த்தார்கள். தோட்டத்தில் யாரோ ஏணியை இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அண்ணா, அன்னிக்கு அவ உங்ககிட்ட என்ன சொன்னா?"

"அதான் அடக்கத்தன்னிக்கே சொன்னேனே. இந்தக் காலை எவ்ளோ அழகா இருக்குன்னு..."

"அவ அப்படியெல்லாம் பேசமாட்டா. காலைல எழுந்தாலே திட்டிக்கிட்டுதான் எழுந்திருப்பா. நீங்க சொன்னதை அவ கல்லறையில அவ அம்மா செதுக்கி வச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் வேற யாரோ பொம்பளையப் புதைச்ச மாதிரி இருக்கு."

தூஃபிக் மேலங்கியின் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"வேணாம்பா."

"சொல்லுங்க."

"தோட்டக்காரர் பை தேடப் போயிருந்தாரு. நான் காத்திருக்கேன்னு சொன்னேன். அவ கேக்கல." தூஃபிக் நிமிர்ந்து பார்க்கவில்லை. "'நீங்க போங்கண்ணா'ன்னா. 'பிரிவு ரோட்டுல அவரு நிப்பாரு.'"