கோரைக்குள் ஒரு நீலத்தாழைக்கோழி

முட்டத்துப் பாறைகளில் அலை மோதுவதைப் பார்த்து வளர்ந்த ஜெபாவுக்கு, வானகரத்து ஐந்தாவது மாடி பால்கனியில் கிடைத்தது கூவம்தான். கறுத்த தண்ணீர், குடலைப் புரட்டும் நாற்றம். இதைப் போய் 'ரிவர் வியூ' என்று விற்றவன் நாசமாய்ப் போக.

ஆனால் கரையோரக் கோரைக்குள் ஒரு நீலத்தாழைக்கோழி இருந்தது. நீல உடம்பு, சிவப்பு அலகு. காலையில் காப்பியோடு நின்றால், கறுப்புக் குஞ்சுகளோடு வந்து கொஞ்சம் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். அதற்காகத்தான் அவள் இந்த ஊரில் தாக்குப்பிடித்தாள்.

சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டாள். எல்லோரும் இதயம் விட்டார்கள். பிறகு புகார் வந்தது: "எங்க பால்கனிலேர்ந்து ஒண்ணுமே தெரியல, கோரை மறைக்குது."

சனிக்கிழமை ஆபீஸ் முடிந்து திரும்பியபோது கரை மொட்டையாகக் கிடந்தது. ஓரத்தில் நின்ற ஜேசிபியின் பற்களில் பச்சைக் கோரை தொங்கியது. குழந்தைகள் பைனாகுலர்களோடு வரிசையாக நின்றார்கள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் எத்திராஜ் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார்.

"எல்லாம் உங்களாலதான் மேடம். இப்போ இன்னா சுத்தமா கீது பாருங்க! புள்ளைங்க மதியத்துலேர்ந்து காத்துகினு கீதுங்க. எங்க மேடம் அந்தக் கோழி? காட்டுங்க."

அவரே ஒரு பைனாகுலரை அவள் கையில் திணித்தார். ஜெபா அதைக் கண்ணில் வைத்தாள்.

அக்கரை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.