பதினேழாம் ஆணி

காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுரங்கப் பொறியியலில் கடைசி வருஷம். பயிற்சிக்காக இந்தச் சுரங்கத்துக்கு வந்து இரண்டு மாதம். இன்று மூன்று மணிக்கு நகரத்தில் நேர்முகத் தேர்வு. கம்ப்யூட்டரில் சுரங்க வரைபடம் போடும் வேலை, ஏசி அறை.

"நாலு வருஷம் படிச்சது எலி மாதிரி வளைக்குள்ள போறதுக்கா? மரியாதையா அந்த வேலைய வாங்கிட்டு வா" என்று அம்மா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. கீழே அவளை யார் மதித்தார்கள்? ஃபோர்மேன் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏம்மா படிப்பு" என்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலாம் பாதையில் அளவெடுத்த கையோடு சரிவு ஏறி வெளியே வந்தாள், உடை மாற்றினாள், பஸ் பிடித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துச் சான்றிதழைத் தேடிப் பையில் கைவிட்டபோது, விரலில் பித்தளை வில்லை தட்டுப்பட்டது. எண் பதினேழு. உள்ளே போகும்போது வாசல் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு, வெளியே வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டிய வில்லை. ஆணி காலியென்றால் ஆள் உள்ளே. மதியம் வெடி வைக்கும் முன் பலகையைப் பார்ப்பார்கள்.

சைலன்ட்டில் கிடந்த போனில் ஒன்பது அழைப்புகள். வாசல் காவலர் எடுத்தார்.

"அண்ணே, நான் பஸ்ல இருக்கேன். வில்லைய மாட்ட மறந்துட்டேன்."

"அடிப்பாவி. ஃபோர்மேனும் ஆறு பேரும் உள்ள உன்னத் தேடுறாங்க. சொல்லி அனுப்புறேன். ஆனா வில்லை வராம அவர் வெளிய வரமாட்டார். முன்ன ஒருத்தன் வெளிய போயிட்டான்னு வாய்ச்சொல்ல நம்பி ஏமாந்தவர்மா. அவன் உள்ளயே கெடந்து செத்தான்."

மூன்று மணியும் ஏசி அறையும் அம்மாவின் முகமும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். எதிரே வந்த லாரியில் கெஞ்சி ஏறினாள். ஓட்டுநர், "கொஞ்சம் ஆடாம உக்காரும்மா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார்.

சுரங்க வாசலில் இறங்கி ஓடி வில்லையை மாட்டினாள். காவலர் உள்ளே தகவல் சொன்னார். அதன்பிறகும் குட்டி போட்ட பூனை மாதிரி வாசலையே சுற்றிக்கொண்டிருந்தாள்.

அரைமணி கழித்து ஆறு பேரும் வந்தார்கள். கடைசியாக ஃபோர்மேன். முதலில் பலகையைப் பார்த்தார், பிறகு அவளை. அவருடைய பத்து விரல்களிலும் நகம் கிழிந்து ரத்தம்.

"நாலாம் பாதையில ஒரு மூலை சரிஞ்சு கெடந்துச்சு, படிப்பு. நீ அடியில இருக்கேன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த விரல்களால் அவர் தன் வில்லையை மாட்டுவதைப் பார்த்து அவளுக்கு அழுகை முட்டியது.

அம்மா அழைத்தாள். "என்னடி, முடிஞ்சுதா? என்ன கேட்டாங்க?"

"போகலம்மா."

"என்னது? ஏன்?"

"இங்க என்னைத் தேடிட்டிருந்தாங்க."